எட்டாம் இலக்க பிளக்

தொண்ணூறுகளில் சிட்னியின் மேற்குப் புறநகர்களில் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வைத்திருந்தவர்கள் அநேகமாகக் கையில் காசில்லாத இளைஞர்கள். 1979இலோ 1981இலோ வந்த வண்டி. பெயின்ற் மங்கியிருக்கும், சீற் கிழிந்திருக்கும். கிழமை நாட்களில் வேலைக்குப் போவதும் அதில்தான், சனி ஞாயிறில் ஓரன் பார்க்கிலும் அமரூ பார்க்கிலும் ஓட்டப்பாதையில் விரட்டுவதும் அதில்தான். அலன் மொஃபற் 1983இல் ஆர்எக்ஸ்-7 ஓட்டி அவுஸ்திரேலிய ரூறிங் கார் பட்டம் வென்ற கதையை அவர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து சேர்ந்த கையோடு நான் வேலைக்குப் போன கராஜில் இந்த ரோட்டரி எஞ்சின்கள்தான் பெரும்பகுதி. பிஸ்டனும் வால்வும் இல்லாத எஞ்சினை அதற்கு முன் நான் கண்டதில்லை. முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று கூட்டுக்குள்ளே உருண்டு உருண்டு போகிறது; அதன் மூன்று முனைகளிலும் இருக்கிற அபெக்ஸ் சீல்கள் சுவரை உரசியபடி வாயுவை அடைத்துப் பிடிக்கின்றன. ஃபெலிக்ஸ் வாங்கல் ஜெர்மனியில் கண்ட யோசனை அது. ஹிரோஷிமாவில் கெனிச்சி யமமோட்டோவின் குழு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் என்ற காரில் அதை ஓடவைத்தது. நான் இன்றைக்கும் மதிக்கிற உழைப்பு அது.

கராஜ் முதலாளியிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிளக் மாற்ற வருகிற வண்டியின் பழைய பிளக் நான்கையும் கழற்றி, எந்த ரோட்டர், மேலா கீழா என்ற ஒழுங்கில் துணியில் அடுக்கி வைப்பார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். அதன் பிறகு வண்டிக்காரனைக் கூப்பிட்டு, எங்கே ஓட்டுகிறாய், எப்படி ஓட்டுகிறாய், போன மாதம் எத்தனை தரம் ஓட்டப்பாதைக்குப் போனாய் என்று விசாரிப்பார். பதிலைக் கேட்டு முடித்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார். பெரும்பாலும் அதிலிருந்து வெளியே வருவது என்ஜிகே பிஆர்8ஈகியூ-14. 14 மில்லிமீற்றர் மரை, ரெசிஸ்டர் உள்ளது, வெப்ப இலக்கம் 8, சுற்றிலும் நான்கு பக்க முனைகள், இடைவெளி 1.4 மில்லிமீற்றர். எண்பதுகளின் தொடக்கத்து ஆர்எக்ஸ்-7இன் 12ஏ எஞ்சினுக்குத் தொழிற்சாலை சொன்ன பிளக் அதுதான்.

இந்த எஞ்சினுக்கு ஏன் தனி பிளக் வேண்டும் என்பதை அவர்தான் எனக்கு வடிவாக விளங்கப்படுத்தினார். சாதாரண எஞ்சினில் எரிந்த அதே இடத்துக்குள் அடுத்ததாகக் குளிர்ந்த கலவை வந்து பிளக்கை ஆற்றிவிடும். ரோட்டரியில் கலவையை இழுப்பது ஒரு பக்கம், எரிப்பது மறுபக்கம். எரியும் பக்கத்துக்கு ஓய்வே கிடையாது. நான்கடிப்பு எஞ்சினில் ஷாஃப்ட் இரண்டு தரம் சுற்றினால்தான் ஒரு சிலிண்டரில் ஒரு தரம் எரியும். இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒரு எரிப்பு. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் அந்த பிளக்குகளின் முகத்துக்கு நேரே 6000 தரம் நெருப்பு. ஆகவே சூட்டை வேகமாகக் கூட்டுக்குக் கடத்திவிடுகிற குளிர்ந்த வகை பிளக் வேண்டும். என்ஜிகேயில் இலக்கம் கூடக் கூடக் குளிர்ச்சி கூடும். சாம்பியனில் இது தலைகீழ். இலக்கம் கூடினால் சூடு. ஒரு கொம்பனியின் இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றின் பெட்டியை வாங்கினால் எஞ்சினுக்கு ஆபத்து.

அடுத்தது வடிவம். சீல் சுவரை உரசிக்கொண்டு போவதால் பிளக்கின் எந்தப் பகுதியும் சுவரைத் தாண்டி அறைக்குள் நீளக்கூடாது. எரிகிற அறை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். ஒரு பொறி போதாது. அதனால்தான் ரோட்டருக்கு இரண்டு பிளக், கீழே லீடிங், மேலே ட்ரெய்லிங். மேல் துளை மிகச் சிறியது. சீல் அதைக் கடக்கிற கணத்தில் இரு பக்க அழுத்தமும் வெகுவாக வேறுபடும். துளை பெரிதானால் வாயு ஒரு அறையிலிருந்து மற்றதற்குள் கசிந்துவிடும். 1991இல் லு மான் ஓட்டப்பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பியில் ரோட்டருக்கு மூன்று பிளக், நான்கு ரோட்டருக்கும் சேர்த்து பன்னிரண்டு.

அந்த வெற்றிக்குப் பிறகு கராஜுக்கு வந்த பெடியள் எல்லாரும் ரேஸ் பிளக் கேட்டார்கள். ஓட்டப்பாதையே கதி என்று கிடந்தவர்களுக்கு முதலாளி ஒன்பது, சிலருக்குப் பத்து கூடப் போட்டுக் கொடுத்தார். அது சரியான வேலை. எஞ்சினை உச்சத்தில் வைத்து விரட்டும்போது பிளக்கின் முனை 800 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால், பொறி வருமுன்னே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும்; அபெக்ஸ் சீல் நொறுங்குவதற்கு அதிக நேரம் எடுக்காது.

இன்றைக்கு அதே வண்டி துணி மூடிக் கிடக்கிறது. விலை அந்தக் காலத்து இளைஞன் கனவிலும் நினைக்காத உயரத்துக்குப் போய்விட்டது. அமரூ பார்க் 1998இல் மூடியது. ஓரன் பார்க் 2010இல் மூடி, அந்த இடத்தில் இப்போது வீடுகள். ஈயம் கலந்த பெற்றோல் 2002 ஜனவரியுடன் நின்றது. பிளக்கில் ஈயம் படிகிற தொல்லை அதோடு போயிற்று. ஆனால் வண்டி ஓடாமல் கிடப்பது அதைவிடப் பெரிய தொல்லை.

போன வருடம் தமிழ்ப் பெடியன் ஒருவன் தகப்பன் வைத்திருந்த ஆர்எக்ஸ்-7ஐ லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

“ஸ்டார்ட் ஆகுதில்லை அங்கிள். நல்ல ரேஸ் பிளக்தான் போட்டனான். பத்தாம் நம்பர், இரிடியம்.”

“கிழமைக்கு எவ்வளவு தூரம் ஓடுவீர், தம்பி?”

“ஓடுறது குறைவு அங்கிள். மழையில்லாத ஞாயிறிலை ஷோவுக்குக் கொண்டுபோவன். மற்றப்படி வெளியிலை எடுத்துக் கழுவிப்போட்டு உள்ளுக்கை விட்டிடுவன்.”

வருத்தம் அங்கேதான் இருந்தது. பிளக்கில் படிகிற கரி தானாக எரிந்து போக முனை ஏறத்தாழ 450 டிகிரிக்காவது சூடாக வேண்டும். பத்தாம் இலக்க பிளக் பத்து மீற்றர் ஓட்டத்தில் அந்தச் சூட்டைக் கனவிலும் காணாது. ரோட்டரி எஞ்சின் சீலை நனைப்பதற்காக வேண்டுமென்றே கொஞ்சம் ஒயிலையும் அறைக்குள் விடுகிறது. குளிரில் ஸ்டார்ட் செய்து, சூடேறுமுன்னே நிற்பாட்டினால் பெற்றோலும் ஒயிலும் சேர்ந்து பிளக்கை நனைத்துவிடும். கழற்றிப் பார்த்தேன்; நான்கும் கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தன.

பெற்றோல் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றி, பொறி வராமல் இக்னிஷனையும் துண்டித்து, பிளக் இல்லாமல் எஞ்சினைச் சுழற்றி உள்ளே தேங்கியதை வெளியேற்றினேன். அழுத்தம் திரும்ப ஒவ்வொரு அறைக்கும் சிறிது ஒயில் விட்டேன். பிறகு அதே பிஆர்8ஈகியூ-14. ஒரே பிடியில் எழும்பியது. தகப்பன் போட்டுக்கொண்டிருந்ததும் இந்த பிளக்தான் என்று அவனிடம் சொன்னேன். அவன் பழைய பற்றுச்சீட்டுகளைக் கோப்பில் வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தபோது அதில் அப்படியே இருந்தது.

ரேஸ் பிளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது ரேஸ் ஓடுகிறவனுக்கு. ஞாயிற்றுக்கிழமைக் காருக்கு அதைப் போடுவது எஞ்சினுக்குச் செய்கிற கொடுமை. மாற்றம் செய்யாத முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7 என்றால் கையேடு சொல்கிற எட்டிலிருந்து தொடங்குங்கள். பிந்திய தலைமுறையான எஃப்டி ஆர்எக்ஸ்-7 வண்டிகளில் கீழே பியூஆர்7ஈகியூபி, மேலே பியூஆர்9ஈகியூபி. இரண்டையும் மாற்றிப் பூட்டக்கூடாது. போலி பிளக்குகள் சந்தையில் நிறைய. நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். கூடு அலுமினியம், ஆகவே முதலில் கையால் மரையேற்றுங்கள். கையிறுக்கத்துக்குப் பிறகு புது பிளக்குக்கு அரைச் சுற்று, மிஞ்சினால் மூன்றில் இரண்டு சுற்று. அத்தோடு நிறுத்துங்கள்.

கழுவுவதற்காக வெளியே எடுத்தாலும் சரி, சூட்டு முள் தன் வழக்கமான இடத்துக்கு ஏறும்வரை எஞ்சினை நிற்பாட்ட வேண்டாம். மாதத்தில் ஒரு நாளாவது நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள்.