இருட்டுதான் ஷட்டர்

கேள்வி: என் கேமராவில் ஷட்டர் வேகம் 1/4000 வரை இருக்கிறது. ஆனாலும் விழும் தண்ணீர்த் துளி இழுபட்ட மாதிரியே பதிகிறது. ஏன்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, தட்டைத் தொடும்போது நொடிக்கு 3 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வருகிறது. 1/4000 நொடியில் முக்கால் மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். துளியே நாலைந்து மில்லிமீட்டர்தான்! ஷட்டர் வேகத்தை மறந்துவிடுங்கள். அறையை நன்றாக இருட்டாக்கி, ஷட்டரை ஒரு நொடி திறந்து வைத்து, நடுவில் ஃபிளாஷை ஒரே ஒருமுறை மின்ன விடுங்கள். அது மின்னிய நேரம் மட்டுமே படத்தில் இருக்கும்.

கேள்வி: அப்படியானால் ஃபிளாஷ் முழு பவரில் இருக்க வேண்டுமா?

பதில்: பலரும் சறுக்கும் இடம் இது. ஸ்பீட்லைட் வகை ஃபிளாஷில் பவரைக் குறைத்தால், அது சீக்கிரம் அணைந்துவிடும். நிக்கான் எஸ்பி-800 முழு பவரில் 1/1050 நொடி மின்னும்; 1/128 பவரில் 1/41,600 நொடிதான். அந்த நேரத்தில் நம் துளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட நகராது. வெளிச்சம் போதாதே என்கிறீர்களா? ஃபிளாஷைத் துளிக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு.

கேள்வி: ‘ஹை ஸ்பீட் சிங்க்’ வசதி இதற்கு உதவுமா?

பதில்: உதவாது. அதில் ஃபிளாஷ் விட்டுவிட்டு வெகுநேரம் துடிக்கும். வெயிலில் முகம் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பலூனை ஊசியால் குத்தியதும் பட்டனை அழுத்துகிறேன். முப்பது படத்தில் ஒன்றில்கூட பலூன் இல்லை!

பதில்: கண் கண்டு விரல் அழுத்தவே ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி ஆகிவிடும். பலூனோ சில மில்லி நொடிகளில் கிழிந்து முடிகிறது. எனவே வெடிச் சத்தத்திடமே பட்டனைக் கொடுத்துவிடுங்கள். சிறிய மைக், ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை, அதிலிருந்து ஃபிளாஷுக்கு ஒரு வயர், இவ்வளவுதான். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், தாமதத்தைக் கூட்டவும் குறைக்கவும் எந்தக் கருவியும் வேண்டாம் என்பது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மைக்கை 34 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினால் ஃபிளாஷ் ஒரு மில்லி நொடி தாமதமாக மின்னும். அளவுகோலே கடிகாரம்! தண்ணீர் நிரப்பிய பலூனில் செய்து பாருங்கள். ரப்பர் சுருண்டு ஓடிய பிறகும் தண்ணீர் பலூன் வடிவத்திலேயே அந்தரத்தில் நிற்கும். அதை முதன்முதலாகப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கேள்வி: வீட்டில் ஒரு பழைய ஃபிளாஷ் கிடக்கிறது. கழற்றிப் பயன்படுத்தலாமா?

பதில்: கழற்றவே கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். பேட்டரியை எடுத்தாலும் அது உடனே போகாது. சில பழைய ஃபிளாஷ்களில் வெளியே தெரியும் ட்ரிகர் முனையிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் வரும், ஆர்டுயினோ கருகிவிடும். இடையில் ஆப்டோ கப்ளர் என்ற பாகத்தைப் போட்டு, ஃபிளாஷின் மின்சாரம் ஆர்டுயினோவைத் தொடாமல் பிரித்து வையுங்கள்.

கேள்வி: ஒரே இடத்தில் துளி சொட்ட வைப்பது எப்படி?

பதில்: மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் ட்ரிப் செட் வாங்குங்கள். துளி விழும் இடத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி, மேனுவல் ஃபோகஸ் செய்துவிட்டுப் பென்சிலை எடுத்துவிடலாம்.

கேள்வி: பால் துளி தெறித்துக் கிரீடமாக எழும் எட்ஜர்டனின் படம் போல எனக்கு வரவே இல்லை. ஒரு பக்கம் கோணலாகத் தெறிக்கிறது.

பதில்: கோணல்தான் உண்மை. ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர், இருட்டறையில் மின்பொறி வெளிச்சத்தில் துளி தெறிப்பதைக் கண்ணால் கண்டு பல ஆண்டுகள் வரைந்தார். அவர் வெளியிட்ட ஓவியங்கள் அச்சில் வார்த்தது போல் சீராக இருந்தன. 1890களில் அதையே புகைப்படமாக எடுத்தபோது கிரீடங்கள் கோணல்மாணலாக இருந்தன. கண் கண்டதை மனம் திருத்தியிருக்கிறது! அமெரிக்காவில் எம்ஐடியின் ஹெரால்ட் எட்ஜர்டன் 1930களிலேயே பால் துளிகளைப் படமெடுக்கத் தொடங்கியவர். சிவப்புப் பரப்பில் பூத்த அந்தப் புகழ்பெற்ற கிரீடம் 1957இல் வந்தது. உங்கள் கோணல் படத்தை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: தட்டில் எவ்வளவு பால் ஊற்றலாம்?

பதில்: கிரீடத்துக்கு மெல்லிய படலம் போதும். ஆழம் கூடினால் கிரீடம் அடங்கி, நடுவில் தூண் எழும்பும். அதன் உச்சியில் அடுத்த துளி வந்து மோதும்படி விட்டுப் பாருங்கள், குடை விரியும்.