சிக்கனச் சித்தியும் வந்தியத்தேவனும்

சொந்தபந்தத்தில் எப்படியும் ஒரு சிக்கனச் சித்தி இருப்பாள். சில வீடுகளில் அவள் அத்தை, சில வீடுகளில் பெரியம்மா. முறைதான் மாறும், ஆள் மாறமாட்டாள். கழுவிய பால் கவர்கள் கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டு காய்வதைப் பார்த்தே அவள் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பைகள் எல்லாம் அங்கே துவைத்து மடிக்கப்பட்டு, பைக்குள் பையாக அடங்கியிருக்கும். எந்தப் பை எந்த வருஷத்துக் கல்யாணம் என்று கேட்டால் சொல்வாள். அந்தத் தம்பதி இப்போது சேர்ந்திருக்கிறார்களா என்பதையும் சேர்த்தே சொல்வாள்.

எண்ணெய் பாக்கெட்டை அவள் காலி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முனையை வெட்டி டப்பாவில் ஊற்றிய பிறகு, கவரை அதன் மேலேயே கவிழ்த்து நிறுத்திவிட்டுப் படுக்கப் போவாள். ராத்திரி முழுக்க அது சொட்டும். காலையில் கவரை மூன்று பக்கமும் கத்தரித்து விரித்துப் போட்டு, பாதி வெங்காயத்தால் உள்பக்கத்தை ஒரு துடைப்பு. அந்த வெங்காயம் நேரே தோசைக்கல்லுக்குப் போய்விடும். கல் பழகிய பின் அதே வெங்காயம் சட்னிக்கு வதங்கும். கவரும் வீண் போகாது, எடைக்குப் போடும் சாக்கில் இடம் பிடித்துவிடும்.

இதை வைத்து அவளைக் கஞ்சம் என்று சொல்கிறவர்கள் அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். கஞ்சர் வீட்டில் விருந்தாளிக்குச் சோறு கிடைக்காது. சித்தி வீட்டிலோ சாப்பிடாமல் செருப்பைப் போட முடியாது. என்ன சாப்பிட்டோம் என்பதுதான் ரொம்ப நேரம் கழித்துத் தெரியவரும். துவையல் பிரமாதம் என்றால் அது பீர்க்கங்காய்த் தோல். கூட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னால், அது நேற்று பிள்ளைகள் சிவப்பை மட்டும் தின்றுவிட்டுப் போட்ட தர்பூசணியின் வெள்ளை.

எங்கள் சித்தி மதுரைக்காரி. 1999-ஐப் போல ஒரு வருஷம் வராது என்பாள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அந்த வருஷம் நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. கல்கியின் எழுத்துகளை அரசாங்கம் நாட்டுடைமை ஆக்கியதும் அதே வருஷம்தான். காயும் கதையும் ஒரே வருஷத்தில் மலிந்தால் சித்தி வேறென்ன கேட்பாள்?

உழவர் சந்தைக்கு விடிகாலையில் போகிறவர்களை அவள் மதிப்பதில்லை. போர்டில் எழுதிப்போட்ட விலை அவர்களுக்காக எழுதியது. சித்தி போவது கடை ஒதுங்குகிற நேரத்தில். மிச்சக் காயைத் திரும்ப ஊருக்குச் சுமக்க யாருக்கு மனசு வரும்? "இதையும் போட்டுக்கங்கக்கா" என்று விவசாயிகளே பைக்குள் தள்ளுவார்கள். ஆகவே வாரச் சமையலை முதலில் எழுதி வைத்துக்கொண்டு காய் வாங்கும் வழக்கம் அவளிடம் இல்லை. பை வீட்டுக்கு வந்த பிறகுதான் திட்டம் வரும். கிழித்த காலண்டர் தாளின் முதுகில் பென்சிலால் எழுதுவாள். 'வியாழன்: முள்ளங்கி சாம்பார், முள்ளங்கிக் கீரை பொரியல்' என்றிருந்தால் அன்றைக்கு ராகுகாலம், எமகண்டம் எல்லாமே முள்ளங்கிதான்.

மாவு ஆட்டினால் அதற்கு நான்கு பிறவி. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயத்தைத் தூவி ஊத்தப்பம், புளிப்பு மூக்கில் ஏறும் நான்காம் நாள் கடுகு, கடலைப்பருப்பு தாளித்துக் குழிப்பணியாரம். இட்லி மிஞ்சினால் உப்புமா என்று ஒரு கிளைக்கதையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ ஆட்டுக்கறி, அவசியம் எலும்போடு. எலும்பு ரசமாகும், சதை சுக்காவாகும், குழம்பு திங்கட்கிழமை தோசைக்குத் தொட்டுக்கொள்ளச் சுண்டி நிற்கும். அந்தத் திங்கட்கிழமைக் குழம்புக்காகவே ஞாயிற்றுக்கிழமை கைகாத்துச் சாப்பிடுகிற கூட்டம் நாங்கள். செவ்வாயும் வெள்ளியும் கவிச்சி கிடையாது. சாமிக்கு என்பாள். சாமியும் சித்தப்பாவின் பென்ஷனும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி.

மத்தியானப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் நாவல் நேரம். வாசிப்பிலும் வரவு செலவு உண்டு. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்களே, ரூபாய்க்கு 10 பைசா. அதைத் திரும்ப வசூலிக்காமல் விடுவது சித்தியைப் பொறுத்தவரை வீட்டைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. கிளை நூலகத்தில் எடுத்த புத்தகம் எப்போதும் ஒன்று வீட்டில் இருக்கும். 2023 ஜூலையில் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபின் கோடைத் திட்டமும் மாறிவிட்டது. மே மாதத்து மத்தியானங்களில் வீட்டு ஃபேன், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சித்தப்பாவையும் கிளப்பிக்கொண்டு போய் ஏசியில் உட்காருவாள். அவர் பேப்பரை விரித்துக்கொண்டு தூங்குவார். வீட்டில் தூங்கினால் ஃபேன் ஓடும், இங்கே தூங்கினால் நூறு யூனிட் இலவசம் இன்னும் நாலு நாள் தாங்கும்.

பொன்னியின் செல்வன் மட்டும் சொந்தத்தில் வைத்திருக்கிறாள், அவளுடைய அம்மா கொடுத்த சீதனத்தில் ஒன்றாக. அந்தக் காலத்தில் கல்கி பத்திரிகையில் தொடராக வந்தபோது வாரா வாரம் பிரித்தெடுத்து, மைதாப் பசை காய்ச்சி ஒட்டித் தைத்த பைண்டு. பக்கத்தில் அடையாளம் வைக்கக் கிழிந்த புடவையின் சரிகை. பெரிய பழுவேட்டரையர் மீசை துடிக்கப் பேசும் பக்கத்துக்கு எதிரே கூந்தல் தைலத்தின் விளம்பரம் சிரிக்கும். நடுவில் ஓர் அத்தியாயம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி படிக்க வாங்கிக்கொண்டு போனது, வரவில்லை. அந்த இடம் வந்ததும் சித்தி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு வாயாலேயே சொல்வாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி நடக்கும். எனக்கென்னவோ கல்கி எழுதியதைவிட அந்த அத்தியாயம் நன்றாக இருப்பதாகத்தான் படுகிறது.

ஐந்து பாகமும் சேர்த்து 293 அத்தியாயம். நாளைக்கு ஒன்றுதான், அதற்கு மேல் கிடையாது. நந்தினி கையில் வாளோடு நின்றாலும் சரி, புயலில் கப்பல் மூழ்கினாலும் சரி, அத்தியாயம் முடிந்தால் சரிகை உள்ளே போய்விடும். இப்படிப் படித்தால் பத்து மாதம் ஓடும். லீவுக்கு வந்த என் தங்கை முதல் பாகத்தை இரண்டே நாளில் முடித்தபோது சித்தி பதறிப்போனாள். "ரெண்டு மாசத்துச் சாமானை ரெண்டே நாள்ல காலி பண்ணிட்டியேடி" என்றாள். படம் வந்து ஊரே தியேட்டருக்குப் போனபோதும் கணக்குத்தான் பார்த்தாள். இரண்டு பாகமும் சேர்த்து அஞ்சரை மணி நேரம், அதற்கு ரெண்டு டிக்கெட்டா? பிறகு டிவியில் போட்டபோது பார்த்தாள். விளம்பர இடைவேளைகளில் இரண்டு கட்டு முருங்கைக்கீரை ஆய்ந்தாகிவிட்டது.

சோழ சாம்ராஜ்யத்தின் அரசியல் அவளுக்குப் பொருட்டில்லை. கதையின் ஆரம்பத்தில் ஆடிப்பெருக்குக்கு வீரநாராயண ஏரிக்கரைக்கு வந்த ஜனங்கள் வீட்டிலிருந்தே சித்ரான்னம் கட்டிக்கொண்டு வந்ததை மெச்சிக்கொள்வாள். வந்தியத்தேவன்மேல் தனி மரியாதை. "பாரேன், கடம்பூர் அரண்மனையில சாப்பாடு, தஞ்சாவூர்ல சேந்தன் அமுதன் வீட்ல சாப்பாடு, பூங்குழலி புண்ணியத்துல இலங்கை வரைக்கும் படகு. பொழைக்கத் தெரிஞ்ச பய."

ஆனால் அந்தத் தஞ்சாவூர்ச் சாப்பாடு வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் வாசிப்பு தடைப்படும். சேந்தன் அமுதனின் தாய் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் ஊற்ற ஊற்ற இவன் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். சித்தி கண்ணாடியைக் கழற்றிவிடுவாள்.

"அம்புட்டுப் பாலுக்கு எத்தனை தேங்கா உடைச்சிருப்பா அந்தம்மா? சக்கைய என்ன செஞ்சான்னு எழுதவே இல்லையேப்பா."

"அது முக்கியமா சித்தி?"

"பொரியலுக்குப் போட்டாளா, பொடி இடிச்சாளான்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல? பூத்தொண்டு செய்யுற வீடு, வசதியான குடும்பமா என்ன?"

ஐந்தாம் பாகம் முடிகிற நாளில் வீட்டில் யாராவது ஒருத்தர் மாட்டிக்கொள்வோம். இந்தத் தடவை நான். இத்தனை பெரிய கதையில் வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் நடந்த கல்யாணத்தைக் காட்டாமலேயே முடித்துவிட்டாரே, முடிவுரையில் ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாரே என்று நான்தான் குறைப்பட்டேன்.

சித்தி பைண்டின் முதுகைத் துணியால் துடைத்து அலமாரியில் ஏற்றினாள்.

"சோழ ராஜகுமாரி கல்யாணம்னா ஈழத்துல இருந்து காஞ்சி வரைக்கும் சொல்லணும். மூணு நாள் பந்தி போடணும். தேவையா? விவரமான மனுசன்பா கல்கி."

அடுப்படிக்குப் போகிறவள் வாசலில் திரும்பி, காலண்டரில் அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று பார்க்கச் சொன்னாள். அன்றைக்கு மறுபடி முதல் பாகம் எடுக்க வேண்டுமாம்.