வரைபடக் கோப்பு மரபியல்

நிலப்படம் தாளில் இருந்தவரை அதை வகைப்படுத்தப் பெரும் புலமை வேண்டியிருக்கவில்லை. மடித்தது, சுருட்டியது, கரையான் அரித்தது என்ற மூன்றோடு இலக்கணம் முடிந்தது. கணினிக்குள் குடியேறிய பிறகுதான் அதன் இனம் பெருகி, ஆளுக்கொரு வால் முளைத்தது. டிஃப், ஷேப், கேஎம்எல், ஜியோஜேசன், ஜியோபேக்கேஜ் என நீளும் இக்கூட்டத்துக்கு ஒரு மரபியல் இல்லாதது தமிழுக்கு வந்த குறை என்று யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. ஆயினும் அதை எழுதுகிறோம்.

முன்னோர் இவற்றை ராஸ்டர், வெக்டர் என இருபாற்படுத்தினர். கட்டம் கட்டமாக நிறம் நிரப்பியது ராஸ்டர். புள்ளி, கோடு, பரப்பு என எண்ணால் எழுதியது வெக்டர். பயிற்சி வகுப்பின் முதல் மணி நேரத்துக்கு இப்பாகுபாடு போதும். கோப்பு கைமாறும் வேளையில் உதவாது. கோப்பைப் பெற்றவர் அது ராஸ்டரா வெக்டரா என்று கேட்பதில்லை. “இது எந்த இடம்?” என்றே கேட்கிறார். ஆகவே தன் நிலத்தைப் பற்றி ஒரு கோப்புக்கு எவ்வளவு தெரியும் என்பதே சரியான அளவுகோல் என்க. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிய தொல்காப்பியர் இதற்கு வழி போட்டு வைத்திருக்கிறார். புல்லும் மரமும் தொடங்கி மக்கள் வரை அவர் முடித்துவிட்டார், எஞ்சியது இது.

ஓரறிவுக் கோப்புக்கு உருவம் மட்டுமே உண்டு. மேசையில் விரித்த நிலப்படத்தைக் கைபேசியால் படமெடுத்து வாட்ஸாப்பில் தட்டிவிட்ட ஜேபெக் இவ்வகை. இந்திய நிலஅளவைத் துறையின் 1:50,000 தாளில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் ஓடும். ஐந்துக்கு ஒன்று தடித்திருக்கும், அதன்மேல் உயரம் எழுதியிருக்கும். வாட்ஸாப் பிழிந்தெடுத்தபின் தடித்ததும் மெலிந்ததும் சேர்ந்து ஒரு பழுப்புக் கறையாகிவிடும். 600 என்பதும் 800 என்பதும் ஒன்றுபோலவே தெரியும். மலை இருக்கிறது, உயரம் அவரவர் நம்பிக்கை. இதைக் கோப்பு என்றே கொள்ளலாகாது என்பாரும் உளர். அவர்களும் அவசரத்துக்கு இதைத்தான் அனுப்புகிறார்கள் என்பதால் அக்கூற்று தள்ளுபடி.

ஈரறிவு, உருவத்தோடு எண்ணும் சேர்ந்தது. படத்தின் பக்கத்தில் ‘வேர்ல்டு ஃபைல்’ என்ற சின்னஞ்சிறு உரைக்கோப்பு உட்கார்ந்திருக்கும். பெயர்தான் உலகம், உள்ளே இருப்பது ஆறே வரி, வரிக்கு ஓர் எண். ஒரு கட்டம் தரையில் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், படம் எவ்வளவு திரும்பியிருக்கிறது, மேல் இடது மூலைக் கட்டத்தின் நடு எங்கே என்பன அவை. நான்காம் வரி பெரும்பாலும் எதிர்ம எண். படத்தின் வரிசைகளை மேலிருந்து கீழே எண்ணுகிறோம், நிலத்தின் தொலைவைத் தெற்கிலிருந்து வடக்கே எண்ணுகிறோம் என்ற பழைய பிணக்கின் தழும்பு அது.

எல்லாம் சொல்லும் இக்கோப்பு ஒன்றை மட்டும் சொல்லாது: இந்த எண்கள் எந்தப் பூமிக்கு உரியவை? பூமி ஒன்றுதானே எனின், அற்றன்று. நிலஅளவைத் துறையின் பழைய தாள்கள் 1830-இல் எவரெஸ்ட் கணக்கிட்ட நீள்கோளத்தின்மேல் நிற்கின்றன. கைபேசி ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறு பூமியில் நிற்கிறது. தென்னிந்தியாவில் இரண்டுக்கும் இடையே நூறு மீட்டருக்கு மேல் வேறுபாடு. ஒருவர் கிணறு அடுத்தவர் தோட்டத்துக்குள் போக அது தாராளம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போக அதில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆட்டோகேடுடன் 1982-இல் பிறந்த டிஎக்ஸ்எஃப் கோப்பையும் இங்கேயே அடக்குக. கோடெல்லாம் துல்லியம், அந்தக் கோடு உலகில் எங்கே கிடக்கிறது என்றால் விழிக்கும்.

மூவறிவுக்குத் தன் பூமியும் தெரியும். அச்சுத் தொழிலுக்காக 1986-இல் வந்த டிஃப் படத்துக்குள்ளேயே ஆயத்தொலை முறையைப் பதித்துவைத்த ஜியோடிஃப் இதன் தலைமகன். அமெரிக்க நிலவியல் துறை 2009 முதல் வெளியிடும் யுஎஸ் டோப்போ படங்களும், நம் நிலஅளவைத் துறை 2017-இல் இலவசமாகத் திறந்துவிட்ட பொதுவரிசைப் படங்களும் பிடிஎஃப் உருவில் வருகின்றன. எவரும் திறக்கலாம், அச்சிடலாம். உள்ளிருக்கும் ஆற்றை மட்டும் உருவி எடுக்கச் சொன்னால் மென்பொருளாளர் முகம் வாடும். ஈசிடபிள்யூ, மிஸ்டர்சிட் ஆகியன பெரும்படத்தைச் சிறிதாக்கும் வித்தையில் வல்லன. ஆனால் நிறுவன உரிமைப் பூட்டு போட்டவை. அவற்றை இவ்வளவில் விடுக.

நாலறிவுக்குப் பெயரும் தெரியும். இது கோடு, இக்கோட்டின் பெயர் பவானி, இது ஆறு, சாலையன்று என்று சொல்லும். இங்கே ஷேப் கோப்பு என்ற பழம்பெரும் புள்ளியை நின்று நோக்க வேண்டும். எஸ்ரி நிறுவனம் 1990களின் முற்பகுதியில் உலவவிட்டு, 1998-இல் அதன் கட்டமைப்பை வெளிப்படையாக எழுதிக் கொடுத்தது. அன்றுமுதல் இதற்கு இரங்கற்பா பாடாத நிலத்தகவல் மாநாடு குறைவு. இதில் தரவு கேட்காத அலுவலகம் அதனினும் குறைவு.

இதைக் கோப்பு என்று ஒருமையில் சொல்வதே பிழை. இது ஒரு கூட்டுக் குடும்பம். எஸ்ஹெச்பி உருவத்தை வைத்திருக்கும், எஸ்ஹெச்எக்ஸ் யார் எங்கே படுத்திருக்கிறார் என்ற கணக்கு, டிபிஎஃப் பெயரும் விவரமும், இம்மூன்றும் இன்றியமையாதன. பிஆர்ஜே பூமியைச் சொல்லும். சிபிஜி எழுத்துமுறையைச் சொல்லும். இவை இருந்தால் உண்டு. இக்குடும்பம் பிரிவது எப்போதும் மின்னஞ்சலில்.

“சார், ஷேப் ஃபைல் மெயில்ல போட்டுட்டேன்.”

“ஒண்ணுதாம்ப்பா வந்திருக்கு. எஸ்ஹெச்பி மட்டும்.”

“அதுதான சார் மேப்பு? மத்ததெல்லாம் ஏதோ சிஸ்டம் ஃபைல்னு டெலிட் பண்ணிட்டேன்.”

இவ்வுரையாடல் நிலத்தகவல் உலகில் பாயிரம் போன்றது. இது இல்லாமல் எந்தத் திட்டமும் தொடங்குவதில்லை. பிஆர்ஜே மட்டும் தொலைந்தால் கோப்பு திறக்கும், ஆனால் பூமியை மறந்திருக்கும். பிறப்பால் நாலறிவு, நடப்பால் அதற்கும் கீழ் என்று கொள்க.

டிபிஎஃப் பற்றி ஒரு சிறப்பு விதி உண்டு. டாஸ் காலத்து டிபேஸிலிருந்து வந்தது ஆகையால் பத்தித் தலைப்புக்கு 10 எழுத்துக்கு மேல் இடம் தராது. ஆங்கிலத்தில் பாப்புலேஷன் என்ற சொல்லுக்குச் சரியாக 10 எழுத்து. அதன் பின்னால் 2001, 2011 என்று ஆண்டு சேர்த்து இரண்டு பத்தி வைத்தால் இரண்டும் ஆண்டை இழக்கும். மென்பொருள் இரண்டாவதன் வாலை வெட்டி 1 என்று ஒட்டும். எது எந்தக் கணக்கெடுப்பு என்பது பிறகு ஊகம். தமிழில் தலைப்பு வைப்பார்க்கு இன்னும் நெருக்கடி. யூடிஎஃப்-8 முறையில் நம் குறி ஒவ்வொன்றும் 3 பைட் தின்னும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறி. ‘கிராமம்’ என்று வைத்தால் ‘கிர’ என்பதோடு இடம் தீர்ந்தது. சிபிஜியும் தவறிவிட்டால் உள்ளே இருக்கும் ஊர்ப் பெயர்களெல்லாம் வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிக முத்திரைகளாகத் திறக்கும். பொள்ளாச்சிக்கு அப்படி ஒரு முத்திரையை யாரும் விண்ணப்பித்து வாங்கியதில்லை.

நாலறிவில் கேஎம்எல், ஜியோஜேசன், ஜிபிஎக்ஸ் ஆகியனவும் அடங்கும். கீஹோல் நிறுவனத்தை 2004-இல் கூகுள் வாங்கியபோது கூடவே வந்தது கேஎம்எல். ஜியோஜேசன் 2008-இல் தோன்றி 2016-இல் இணையத் தரமானது. இவ்விரண்டும் டபிள்யூஜிஎஸ்84 தவிர வேறு பூமியை ஏற்பதில்லை என்பதால் அவ்வழக்கு தீர்ந்தது. உடனே வேறு வழக்கு முளைத்தது. அட்சரேகை முன்னா, தீர்க்கரேகை முன்னா? பேசும்போது எல்லாரும் அட்சத்தை முதலில் சொல்வர். இவ்விரு கோப்பும் தீர்க்கத்தை முதலில் வைக்கும். ஜிபிஎக்ஸ் இரண்டுக்கும் பெயர் எழுதியே வைப்பதால் சண்டையில் சேராது. மாற்றி எழுதினால் என்ன குறை எனின், 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா வடக்கே 11.4, கிழக்கே 76.7 பாகையில் நிற்பது. எண் இடம் மாறியதும் அது ஸ்வால்பார்டுத் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். கோப்பில் பிழை என்று எந்தச் செய்தியும் வராது. இரண்டுமே செல்லும் எண்கள் அல்லவா?

ஐந்தறிவு, இவையெல்லாம் பிரியாமல் ஓருடம்பில் இருப்பது. 2014-இல் தரமான ஜியோபேக்கேஜ் அதுவே: எஸ்கியூலைட் தரவுத்தளம் ஒன்றினுள் ஆறும் மலையும் படமும் நடையும் பூமியும் ஒருங்கே. தலைப்புக்குப் பத்து எழுத்துத் தடை இல்லை, தமிழ் தமிழாகவே இருக்கும். ஒரே கோப்பு என்பது இதன் பெருமை. திறந்து திருத்தத் தொடங்கியதும் பக்கத்திலேயே வால் என்றும் எஸ்ஹெச்எம் என்றும் இரண்டு கோப்பு முளைப்பதை அதன் அடியார்கள் பேசுவதில்லை. அந்நேரம் பார்த்து மூலத்தை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்தால் கடைசியாகச் செய்த திருத்தங்கள் கணினியிலேயே தங்கிவிடலாம்.

ஆறாவது அறிவு மனம். யார் அளந்தார், எந்த ஆண்டு, உயரம் எதை அடியாகக் கொண்டது, எவ்வளவு பிழை பொறுக்கலாம் என்பதைக் கோப்பு தானே அறிந்திருத்தல். இதற்கு ஐஎஸ்ஓ 19115 என்ற விரிவான தரம் இருக்கிறது. நிரப்ப வேண்டிய கட்டங்களும் இருக்கின்றன. நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலும் கட்டங்கள் மட்டுமே இருந்தன. ஒன்றில் ‘விளக்கம்’ என்ற இடத்தில் ‘விளக்கம்’ என்றே எழுதியிருந்தது.

இனிப் புறனடை. இவ்வடுக்கில் எங்கும் அடங்காத கோப்பு ஒன்று உண்டு: ஹெச்ஜிடி. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த உலக உயரங்கள் இதில் கிடைக்கின்றன. ஒரு பாகைக்கு ஒரு கோப்பு. ஒரு விநாடி இடைவெளிக் கோப்பில் 3,601 வரிசை, வரிசைக்கு 3,601 உயரம், உயரத்துக்கு 2 பைட். ஆக 25,934,402 பைட். அதற்கு மேல் ஒரு பைட்டும் கிடையாது. தலைப்பு இல்லை, நிறம் இல்லை, பூமி இல்லை, பெயர்ப்பட்டி இல்லை. அளக்க முடியாத பள்ளத்தில் −32768 என்று இருக்கும்; விவரம் அறியாதவர் அங்கே 32 கிலோமீட்டர் ஆழப் பாதாளத்தைக் கண்டுபிடிப்பார்.

இருந்தும் இதற்குத் தன் இடம் தெரியும். எப்படி எனின், கோப்பின் பெயரே முகவரி. என்11ஈ076 என்றால் தென்மேற்கு மூலை வடக்கே 11, கிழக்கே 76 பாகை, தொட்டபெட்டா அதற்குள். அறிவெல்லாம் பெயரில் மட்டும் இருப்பதால், அதை ஓரறிவு என்றும் மூவறிவு என்றும் இரு கட்சி உண்டு. வழக்கு முடியுமுன் யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு ‘ஊட்டி பைனல் 2’ என்று பெயர் மாற்றிப் பகிர்ந்துவிட்டார். மென்பொருள் இப்போது திறக்கவே மறுக்கிறது.