கோன் ஒன்ன விரட்டி வராது மக்கா

வா மக்கா, உக்காரு. அந்தப் பையக் கீழ வை. அடேயப்பா, கல்யாண வீட்டுச் சமையல்காரன் சாமான் மாதிரில்லா இருக்கு! ஆரஞ்சுக் கோன், மஞ்சக் கோன், தரையில விரிக்க ஏணி, முதுகுல கட்ட பாராசூட்டு. நெஞ்சுல வேற ஒரு பாடி மாட்டியிருக்க. உள்ள ஜிபிஎஸ்ஸாம். எதுக்குல? நூறு மீட்டர் மைதானத்துல நீ தொலைஞ்சி போயிருவன்னு ஒங்கம்மை பயந்தாளா?

ஒங்க கோச்சு நடத்துன பாடத்த வேலியோரம் நின்னு நானும் பாத்தேன். கோனச் சுத்தி வளைஞ்சி வளைஞ்சி ஓடுத. பந்த நிறுத்துத. மூச்சு வாங்குத. முடியச் சரி பண்ணுத. பெறவுதான் உதைக்க வார. வலையில விழுந்ததும் ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டு ஓடுத. போர்டுல 'பிரஷர் ஷூட்டிங்'னு எழுதிப் போட்டிருக்கு. பிரஷர் யாருக்குல, கோனுக்கா? அது என்னைக்காவது ஒஞ்சட்டையப் பிடிச்சி இழுத்திருக்கா? "இவன் வெளியதான் அடிப்பான்"னு காதோரம் சொல்லியிருக்கா?

நெருக்கடின்னா ரெண்டே சமாச்சாரந்தான். பின்னால ஒருத்தன் தொரத்தி வரணும். தோத்தா கையை விட்டு எதாவது போவணும். மிச்சமெல்லாம் கடைக்காரன் பொழப்பு.

பனென்கான்னு ஒரு செக்கோஸ்லோவாக்கியாக்காரன். 1976 ஐரோப்பியக் கோப்பை பைனல், பெல்கிரேடுல. எதிர்ல மேற்கு ஜெர்மனி, கோல்ல செப் மையர். கடைசி பெனால்ட்டிய நடுவாப்புல மெதுவாத் தூக்கிப் போட்டான் பாரு! மையர் ஒரு பக்கம் பாஞ்சி கெடக்காரு, பந்து நிதானமா உள்ள போவுது. கோப்பை கையில. இந்த வித்தைய எந்த மிஷின் சொல்லிக் குடுத்துது? கிளப்புல பயிற்சி முடிஞ்ச பெறவு, கீப்பரோட பந்தயம் கட்டி பெனால்ட்டி அடிப்பானாம். பந்தயம் என்ன தெரியுமா? ஒரு சாக்லேட்டு, இல்லன்னா ஒரு பீரு. தோத்துத் தோத்து வயிறெரிஞ்சி, ராத்திரி தூக்கம் வராமக் கெடந்து யோசிச்சதுதான் அது. சாக்லேட்டு போற வருத்தம் குடுத்த புத்தில அது. ஒங்க ஏணி குடுக்குமா?

அதனால சொல்லுதேன், கேளு. ரெண்டு கோல எதிரெதிரா, முப்பது மீட்டர் தள்ளிப் போடு. நடுவுல பந்த உருட்டி விடச் சொல்லு. நீ ஓடு. ரெண்டு எட்டுப் பின்னால ஒருத்தன் ஒன்ன வெட்ட வரட்டும். அவன் பக்கத்துல வந்தா பயந்து விலகாத. அவன் ஓடுத தடத்துக்கு முன்னால குறுக்கப் பூந்துரு. இப்ப அவன் ஒன்னத் தள்ளி விடணும், இல்லன்னா விட்டுத் தொலைக்கணும். பந்த ஒரு தட்டுத் தட்டிட்டுத் தலையத் தூக்கி கீப்பரப் பாரு. பெறவு தாழ்வா, தூரக் கம்பத்தப் பாத்து அடி. கீப்பரு தட்டுனாலும் கூட்டாளி காலுக்குப் பந்து வரும். மேல மூலையில சொருகித் தாரேன்னு பவுசு காட்டாத. கோலுக்கு உசரம் 2.44 மீட்டருதான். அதுக்கு மேல உள்ளது காக்காவுக்கு.

கீப்பரப் பத்திக் கேட்டியா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒங்க கீப்பரு கோல் விட்டா கிளவுஸ் ஈரம்ங்கான். அவன் சீக்கு கையில இல்ல மக்கா, அவசரத்துல இருக்கு. இஸ்ரேல் ஆராய்ச்சிக்காரங்க 286 பெனால்ட்டிய எண்ணிப் பாத்து 2007ல எழுதி வச்சாங்க. 100 பந்துல 28க்கு மேல நடுவுலதான் வந்திருக்கு. நடுவுலயே நின்ன கீப்பரு? 100க்கு 6 தடவதான். ஏன் பாஞ்சான்? பாஞ்சி கோல் விட்டா "பாவம், முயற்சி பண்ணினான்"ம்பாங்க. நின்னு விட்டா "மரம் கணக்கா நிக்கான்"ம்பாங்க. ஊர் வாய்க்குப் பயந்து தரையில விழுதவன கோல்கீப்பருன்னு சொல்லலாமால?

7.32 மீட்டர் அகலத்த ஒருத்தன் கோட்டு மேலயே நின்னு காக்க முடியாது. அடிக்கவன் தலை குனிஞ்சி பந்தப் பாக்கயில, இல்லன்னா பந்து அவன் கால விட்டு விலகயில, முன்னால ஓடி வரணும். அவன் கால ஓங்குனதும் நிக்கணும். கை தாழ இருக்கணும். முதல்ல விழுதவன் தோத்தவன். 2022 உலகக் கோப்பை பைனல் பாத்தியா? கூடுதல் நேரமும் முடியப் போற கடைசி நிமிசம், 3-3. பிரான்சுக்காரன் கோலோ முவானி தனியா வாரான். அர்ஜென்டினா கீப்பரு மார்ட்டினெஸ் முன்னால வந்து, கையக் கால அகல விரிச்சாரு. இடது கால்ல பட்டுப் போச்சு பந்து. கிளவுஸுக்கு அங்க என்னல வேலை?

சரி, நாளைக்குச் சாயந்திரம் வாங்க. கோனெல்லாம் வீட்டுலயே கெடக்கட்டும். தோத்தவன் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கணும், கோல் கம்பத்தையும் சுமந்து கொண்டு போடணும். நான் வலைக்குப் பின்னால நாற்காலி போட்டு உக்காந்து, ரெண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி ஏசுவேன். ஒங்க கோச்சு மாதிரி இதுக்கு மாசாமாசம் பீசு கேக்க மாட்டேன். பழம்பொரியில எனக்கு ரெண்டு.