பழைய டீசல் காரில் முதற்கியர் மறைவு: ஜார்ஜ் டவுன் வீதிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆட்டோ கியர் பொருத்திய பழைய டீசல் காரை நகருக்குள் ஓட்டுவோர் கியர் தண்டை எந்நிலையில் வைத்தல் தகும் என்னும் வினா பினாங்குத் தீவில் நெடுங்காலமாக முடிவின்றிக் கிடப்பதும், 1966இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு தொட்டு எம்மாநாடும் இதற்கென ஓர் அமர்வை ஒதுக்க முன்வராததும் வருந்தத்தக்கன. ஈண்டுப் பழைய டீசல் கார் எனப்படுவது, 1976இல் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ123 வரிசையின் ஐந்து சிலிண்டர் 300டி ஆகும். மிட்சுபிஷி பஜேரோ முதலியவை ஓவர்டிரைவ் பொத்தான் உடையமையாலும், அவற்றையும் சேர்த்தால் கட்டுரை நீளும் என்பதாலும் விலக்கப்பட்டன.

இவ்வினாவுக்கு மூலநூல், காருடன் வந்த கையேடே. எனினும் நாற்பதாண்டு வெக்கையையும் கரையானையும் கடந்து டாஷ்போர்டுப் பெட்டிக்குள் எஞ்சிய படிகளில் கியர் பற்றிய பக்கம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டமையால், ஆய்வாளர் உரைகளையே நம்ப வேண்டியவராகின்றனர். அவ்வுரைகள் இருவகையின: பட்டறையில் காரைப் பழுதுபார்க்கும் போமன்கள் கிரீஸ் படிந்த கையோடு சொல்பவை ஒருவகை, கோப்பிக்கடையில் அமர்ந்து, கார் வைத்திராதவர்கள் சொல்பவை மற்றொருவகை. பின்னதே அளவிற் பெரிது. அறிஞரால் மிகுதியும் மேற்கோளாக எடுத்தாளப்படுவதும் அதுவே.

தண்டின் நிலைகள் பி, ஆர், என், டி, எஸ், எல் என ஆறு. அவற்றுள் பி, நிறுத்தி வைத்தற்குரியது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் லெபோ பினாங்கிலுள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்பட்ட பின், அவ்வழியில் அகப்பட்ட காருக்கு இதுவன்றி வேறு நிலை கிடையாது. ஆர், பின்னோக்கிச் செல்வதற்கு. என், சிவப்பு விளக்கில் நிற்கும்போது கொள்ளத்தக்கது என்பர் ஒரு சாரார். 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியபின் இவர்தம் குரல் ஓங்கியது. ஒவ்வொரு விளக்கிலும் தண்டை என்னுக்கும் டிக்குமாக இழுப்பதால் பெட்டியினுள் இருக்கும் கிளட்சுகள் தேயும் என்பர் மறுசாரார். நீண்ட நிறுத்தத்துக்கு என், குறுகியதற்கு டி என்று முடிப்பது எளிது. எளிதாகையால் அம்முடிபை எவரும் ஏற்றிலர்.

இனி, இவ்வாய்வின் உயிர்நிலையாகிய முதற்கியர்ச் சிக்கல். இவ்வகைக் கார்களின் பெட்டிகள் பலவற்றில் முன்செல்லும் கியர்கள் நான்கு இருப்பினும், தண்டை டியில் வைத்து எண்ணெய் மிதியை மெல்ல அழுத்தினால் கார் இரண்டாம் கியரிலேயே புறப்பட்டுவிடும். எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே பெட்டிக்குக் கடத்துவதும், புறப்படும் கணத்தில் இழுவிசையைப் பெருக்கித் தருவதுமாகிய டார்க் கன்வர்ட்டர் என்னும் உறுப்பு இருப்பதால், முதற்கியர் இன்றியே கார் நகர்கிறது. மிதியை அடிவரை அழுத்தினாலோ தண்டை எல்லில் வைத்தாலோதான் முதற்கியர் வெளிப்படும். லெபோ பாசார் எனப்படும் கடைத்தெருவில், இருபுறமும் மூட்டை இறக்கும் லாரிகளுக்கும் நடுவே மாலை தொங்கும் கடைகளுக்கும் இடையில் மிதியை அடிவரை அழுத்தும் வாய்ப்பு எவர்க்கும் வாய்ப்பதில்லை. ஆகவே இந்நகரின் ஓட்டுநர் பலர் தம் காரின் முதற்கியரைக் காணாமலே காரை விற்றிருக்கின்றனர்.

இதனின்று மூன்று கொள்கைகள் கிளைத்தன. மறுப்புக் கொள்கையர், காணப்படாதது இல்லை என்பர். கடல்கோட் கொள்கையர், முதற்கியர் முன்னொரு காலத்தில் இருந்தது என்றும், பின்னர்ப் பெட்டியின் எண்ணெயுள் மூழ்கிற்று என்றும், முதற்சங்கத்துக்குக் களவியல் உரை கூறும் 4,440 ஆண்டுகளை ஏற்றுக்கொள்ளும் அறிஞர் ஒரு கியரை மறுப்பது முறையன்று என்றும் வாதிடுவர் (கோப்பிக்கடை வாய்மொழி, இரண்டாம் மேசை). எண்பிழைக் கொள்கையரோ, இன்று இரண்டாவது எனப்படுவதே உண்மையில் முதலாவது என்றும், எண்ணிட்டவர் ஒன்று தவறவிட்டார் என்றும், எனவே நான்காவது கியரைத் தேடிக் கண்டுபிடித்தலே அடுத்த தலைமுறை ஆய்வாளரின் கடமை என்றும் நிறுவுவர் (மேற்படி கடை, சுவரோர மேசை, மின்விசிறிக்கு நேர்கீழ் நாற்காலி, தே தாரிக் ஆடை கட்டிய பின் கூறியது, அதே கூற்று, பில் வந்தபோது சற்றுத் திருத்திய வடிவில், வாசற்படிப் பாடம்).

பட்டறைப் போமன் ஒருவரை அழைத்து வந்து மிதியை அடிவரை அழுத்தச் சொன்னால், கார் உறுமிக் கரும்புகை கக்கி முதற்கியரில் பாய்வதை எவரும் காணலாம். ஆயினும் செயல்முறைச் சான்றை ஏற்கும் வழக்கம் இத்துறையில் இன்னும் வேரூன்றவில்லை. அவ்வாறு காட்டியவர் முனைவர் பட்டம் பெற்றவரா என்ற கேள்வியே முதலில் எழுப்பப்படுகிறது.

கியர் மாறும் மென்மை குறித்தும் ஒன்று கூறத்தகும். பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியை ஒரு தட்டு மறித்து நிற்பதால் அதன்பின் வெற்றிடம் தானே உண்டாகும். டீசல் எஞ்சினில் அத்தகைய தட்டு இல்லாமையால், எஞ்சினே ஓட்டும் தனிப் பம்பு ஒன்று வெற்றிடத்தை உண்டாக்கித் தருகிறது. கியர் அதிர்வின்றி மாறுவதும், கதவுகள் ஒருங்கே பூட்டிக்கொள்வதும், சாவியைத் திருப்பியதும் எஞ்சின் அடங்குவதும் ஆகிய மூன்றும் மெல்லிய குழாய்களினூடே செல்லும் இவ்வெற்றிடத்தையே நம்பியுள்ளன. சூனியத்தை இத்துணைப் பயன்படுத்திய தத்துவ மரபு பிறிதொன்றில்லை. ரப்பர் இணைப்பொன்று வெடித்துவிட்டால் கியர் முதுகில் குத்துவதுபோல் மாறும். சாவியை உருவிக் கையில் எடுத்த பின்னும் எஞ்சின் தடதடவென ஓடிக்கொண்டிருக்க, உரிமையாளர் பானெட்டைத் திறந்து, டீசல் பம்பின் மேலுள்ள சிறு நிறுத்தத் தண்டை விரலால் அழுத்தி அடக்க வேண்டியிருக்கும். கியரைத் தவறாகத் தேர்ந்ததன் விளைவு இது என்று கொண்டு தண்டின் நிலையை மாற்றி மாற்றி ஆராய்ந்தோர் உளர். சில வெள்ளி விலையுள்ள ரப்பரை மாற்றியதும் அவ்வாய்வுகள் நின்றுபோயின.

நகர்க்குரிய நிலை டியா எஸ்ஸா என்பதில் விரிந்த வாதம் தேவையில்லை. எஸ்ஸில் வைத்தால் பெட்டி மூன்றாம் கியருக்கு மேல் ஏறாது. ஜாலான் பர்மாவில் கார்கள் சற்றே ஓடிச் சற்றே தேங்கும் வேளையில், டியில் உள்ள கார் நான்காவதற்கு ஏறுவதும் உடனே மூன்றாவதற்கு இறங்குவதுமாகத் தத்தளிப்பின், எஸ் நன்று. அத்தத்தளிப்பு இல்லையெனில் டியே போதும். நத்தைபோல் நகரும் ஜாமில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை, ஏனெனில் பெட்டி இரண்டாம் கியரைத் தாண்டுவதே இல்லை. ஓட்டுநர் தேர்ந்ததாக எண்ணுவதிற் பெரும்பகுதியை எண்ணெயும் வேகமும் மிதியும் தமக்குள் முன்னரே தீர்த்துவிடுகின்றன என்பது போமன் மரபின் துணிபு. உரைகாரர் எவரும் இதனை விரும்பவில்லை.

எஞ்சியது எல். இதில் பெட்டி இரண்டாம் கியருக்கு மேல் செல்லாது. ஜார்ஜ் டவுனின் தட்டை நிலத்தில் இதற்கு வேலை சொற்பமே. பாயா தெருபோங்கிலிருந்து மலையைக் கடந்து பாலிக் பூலாவ் செல்லும் ஜாலான் துன் சார்டோன் சாலையில்தான் இதன் அருமை விளங்கும். மேற்சொன்ன தட்டு இல்லாத அதே காரணத்தால், மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சின் அளவுக்குக் காரைப் பிடித்து நிறுத்தாது. ஆதலின் வளைவும் சரிவும் தொடரும் இறக்கத்தில், வேகம் கூடுமுன்பே எஸ்ஸுக்கும், செங்குத்தாயின் எல்லுக்கும் தண்டை இறக்கி, எஞ்சினின் இழுவையையும் பிரேக்கோடு சேர்த்துப் பயன்கொள்ள வேண்டும். எல் ஏற்றத்துக்கு மட்டுமே உரியது என்னும் கோப்பிக்கடைப் பாடத்தைப் பின்பற்றி டியிலேயே இறங்கியோர், பாலிக் பூலாவ் சந்தையைப் பிரேக் கருகும் வாடையோடு அடைவர். அங்கு லக்சா உண்ண அமர்ந்தபின், கோளாறு முதற்கியர் இல்லாமையால் நேர்ந்தது என்று அடுத்த மேசைக்கு நிறுவுவர்.