டொக் டொக்: குமணன்சாவடி வட்டாரக் குடும்பக் கார்களின் குற்றங்கள் குறித்து ஒரு விரிவான ஆய்வு (முதல் பாகம்)

நூலுக்குக் குற்றம் பத்து, அழகு பத்து, உத்தி முப்பத்திரண்டு என்று நன்னூலில் கணக்கை முடித்துவிட்டார் பவணந்தி முனிவர். குடும்பக் காருக்குக் குற்றம் எத்தனை என்று கேட்டால் மட்டும் தமிழுலகம் வாய் திறப்பதில்லை. “இத்துறையில் இதுவரை முறையான ஆய்வு நிகழவில்லை” என்று ஒரு வரி எழுதாமல் எந்த ஆய்வேடும் பைண்டிங்குக்குப் போவது கிடையாது. நாமும் எழுதிவிடுவோம்: இத்துறையில் இதுவரை முறையான ஆய்வு நிகழவில்லை. யாருக்கும் தேவைப்படாததுதான் அதற்குக் காரணமோ என்ற கேள்வி நம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

1. களம்

போரூரிலிருந்து மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் வந்தால், காட்டுப்பாக்கத்துக்கு அப்பால், கரையான்சாவடிக்கு இப்பால் உள்ளது குமணன்சாவடி. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை போகும் மெட்ரோ தடத்துக்கு இங்கும் ஒரு நிலையம் உண்டு. அந்தத் தூண்கள் எழும்பிய காலத்தில் இச்சாலைப் புழுதி ஏர் ஃபில்டர்களில் அடுக்கடுக்காகப் படிந்தது. தொல்லியலார் வந்தால் அடுக்குக்கு ஒரு காலம் கணிக்கலாம். மெக்கானிக் வந்தால் ஃபில்டரை மாற்றிவிடுவார். ஆகவே இப்பகுதியில் புழுதிச் சான்றுகள் அதிகம் எஞ்சவில்லை.

2. முதனூலும் கல்வெட்டும்

ஒவ்வொரு காரிலும் ஒரு முதனூல் இருக்கிறது. டேஷ்போர்டு அறையில், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், இன்ஷூரன்ஸ் நகலுக்கும் காலாவதியான புகைச் சான்றிதழுக்கும் அடியில் அது பத்திரமாக உள்ளது. எந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள், எந்த ஃபியூஸ் எங்கே, எந்த ஆயில் எவ்வளவு என்று அதில் எல்லாமே உண்டு. இதைப் படித்தவர் எவரையும் நாம் சந்திக்கவில்லை. அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவரையும் சந்திக்கவில்லை. மூலத்தைத் திறக்காமல் உரைக்கு உரை எழுதும் இந்த மரபு கார் துறைக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் விசாரித்துக்கொள்க.

கல்வெட்டுச் சான்றும் உண்டு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரே அது. முன் டயருக்கு எவ்வளவு காற்று, பின் டயருக்கு எவ்வளவு, முழுக் குடும்பமும் மூட்டையும் ஏறினால் எவ்வளவு என்று அதில் தனித்தனியே பொறித்துள்ளனர். காற்றடிக்கும் பையன் “எவ்ளோ சார்?” என்று கேட்கும்போது, அந்தக் கல்வெட்டுக்கு ஒரு சாண் தொலைவில் உட்கார்ந்திருக்கும் உரிமையாளர், “எல்லாத்துக்கும் முப்பது” என்கிறார். முப்பது என்ற பாடம் எந்த ஏட்டில் கண்டது என்று அவரிடம் கேட்கக் கூடாது. அது வாய்மொழி மரபு.

3. குற்றம் ஏழு

கிளம்பாமை, கொதித்தல், நில்லாமை, குளிராமை, விளக்கெரிதல், எலிகடித்தல், ஓசையெழுதல் என்று குற்றம் ஏழு வகைப்படும். எட்டென்பாரும் உளர். அவர்கள் மச்சினன் ஓட்டுவதைத் தனி வகையாக எண்ணுவோர்.

*நில்லாமை:* பிரேக் பிடிக்கவில்லை என்றால் அது ஆராய்ச்சிக்கு உரியதன்று. வண்டியை எடுக்காதே.

*குளிராமை:* ஏ.சி. ஓடும்போது வண்டிக்கு அடியில் தெளிந்த நீர் சொட்டினால் ஏ.சி. வேலை செய்கிறது என்று பொருள். நிறமாகவும் பிசுபிசுப்பாகவும் சொட்டினால் அது ரேடியேட்டர் சங்கதி. அடுத்த பத்திக்குப் போகவும்.

*கொதித்தல்:* கூலண்ட் குறைந்தாலோ, வாட்டர் பம்ப் ஓய்ந்தாலோ, தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டாலோ, ரேடியேட்டர் ஃபேன் சுற்றாமல் நின்றாலோ ஊசி சிவப்புக்கு ஏறும். மூடிபோட்டு அழுத்தத்தில் வைத்திருப்பதால்தான் உள்ளே உள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போய் அத்தனையும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். “இன்னும் கொஞ்ச தூரம்தானே, பூந்தமல்லி வந்துரும்” என்று ஓட்டிக்கொண்டே போனால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும், ஆயிலில் தண்ணீர் கலந்து டிப்ஸ்டிக்கில் பால் காப்பி நிறம் காட்டும். அப்போது மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு சொல்வது: “ஹெட்ட இறக்கணும் சார்.”

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுக் குறிப்பு இன்றியமையாதது. முதிரமலைக் குமணன், பரிசில் கேட்டு வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்கக் காட்டில் கையில் ஒன்றுமில்லாததால், தன் தலையையே கொய்துகொள்ளும்படி வாளை நீட்டினான் என்பது புறநானூற்றுச் செய்தி. தலையை இறக்கச் சொன்ன முதல் உரிமையாளர் அவனே. எனவே இவ்வூர்ப் பெயர் அவனால் வந்தது, அவனே இவ்வூரில் பட்டறை நிறுவினான் என்று துணியலாம். ஊர்ப்பெயர் ஆய்வில் இதைவிடக் குறைந்த சான்றோடு புத்தகமே வந்திருக்கிறது.

*விளக்கெரிதல்:* இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் மாட்டுவர். பி0300 என்று வரும். சிலிண்டர்களில் எரிப்பு தாறுமாறாகத் தவறுகிறது என்பது இதன் பொருள். ஏன் தவறுகிறது என்பதை அது சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று மனிதர்தான் பார்க்க வேண்டும். குறியீடு வந்ததும் நோய் தெரிந்துவிட்டது என்று நினைப்பவர் ஒரு சாரார். ஸ்கேனரிலேயே அதை அழித்துவிட்டு, “சரியாயிடுச்சு சார்” என்பவர் மறுசாரார். தம் கொள்கைக்கு ஒத்துவராத பாட்டை இடைச்செருகல் என்று நீக்கும் பதிப்பாசிரியர்கள் இரண்டாம் சாராரின் மூதாதையர். அழித்த விளக்கு வானகரம் தாண்டுமுன் மறுபடி எரியும். அழித்த பாட்டுக்கு அந்த வசதி இல்லை.

*எலிகடித்தல்:* விநாயகர் வாகனம் நம் வாகனத்தைத் தின்னுதல். இரவில் இன்ஜின் சூட்டுக்கு வந்து படுத்து ஒயரைக் கடிக்கும். அந்துருண்டைப் பள்ளி, புகையிலைப் பள்ளி என இரு மருத்துவ மரபுகள் உள்ளன. எலிகள் இரண்டையும் படித்துவிட்டன. கம்பிவலை அடிப்பதும், வண்டிக்குப் பக்கத்தில் குப்பை சேராமல் பார்ப்பதும் ஓரளவு பயன் தரும்.

*கிளம்பாமை:* சாவியைத் திருப்பினால் “டிக் டிக் டிக்” என்றால் பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடி. ஒரே ஒரு “டக்” மட்டும் கேட்டு நின்றால், பேட்டரி நன்றாக இருக்கும்பட்சத்தில், செல்ஃப் மோட்டாரில் கோளாறு. “கிர்ர் கிர்ர்” என்று நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலோ பொறியோ போகவில்லை. ஓய்ந்து நிற்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டு காட்டும். இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி வரவேண்டும், வராவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். இங்கிருந்து சிறிது தூரத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலையே செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது. இருந்தும் இவ்வட்டாரத்தில் வண்டி கிளம்பாவிட்டால் முதலில் அழைப்பது தள்ளுவதற்கு ஆளைத்தான்.

இதற்கு ஒரு புறனடை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும், தண்ணீரில் மூழ்கி நின்ற வண்டிகளைச் சாவி போட்டுச் சோதித்தவர் பலர். காற்று போகும் வழியில் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. தண்ணீர் விட்டுக்கொடுக்காததால் கனெக்டிங் ராடு விட்டுக்கொடுத்து வளையும். மூழ்கிய வண்டியைச் சாவியால் தொடாமல் இழுத்துச் செல்வதே நெறி.

4. ஓசையெழுதல்

இதுவரை கூறியவை பாயிரம். இனி நூல்.

காரின் ஓசைகள் யாவும் இரட்டைக்கிளவி. டொக் டொக், கட கட, கீச் கீச் என்று இரட்டித்தே வரும். பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். இதை ஆராய முதல், கரு, உரி என்னும் மூன்றும் வேண்டும். எந்த இடத்தில், எந்தப் பொழுதில் கேட்கிறது என்பது முதற்பொருள். எந்த உதிரிபாகம் என்பது கருப்பொருள். பில்லைப் பார்த்ததும் உரிமையாளருக்கு உண்டாவது உரிப்பொருள். அது எத்திணைக்கும் இரங்கலே.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்புகையில் கட கட: ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் புகுந்தது என்க. வேகம் கூடக் கூட ஊங்காரம் கூடுதல்: வீல் பேரிங். பிரேக் மிதிக்கையில் கீச்: பேடு தேய்ந்துவிட்டது என்று அறிவிக்கவே வைத்த தகடு டிஸ்க்கில் உரசுவது. விடியற்காலையில் கிளப்பியதும் கிறீச்சிட்டு உடனே அடங்குவது: பெல்ட். இவற்றில் கருத்து வேறுபாடு இல்லாததால் ஆய்வாளருக்கு இவற்றால் பயன் இல்லை.

இனி, ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது வரும் டொக் டொக்.

இதன் பொருள் குறித்து இரு மரபுகள் உள. வேப்பமரத்தடிப் பட்டறை மரபினர் இதை லிங்க் ராடு என்பர். எதிர்ச்சாரிக் கொட்டகை மரபினர் லோயர் ஆர்ம் புஷ் என்பர். முன்னவர், டொக் ஒன்றுதான், இரண்டாவது டொக் பின்சக்கரம் ஏறுவதால் வருவது, எனவே இது இரட்டைக்கிளவியே அன்று என வாதிடுவர் (வேம்படி உரை, காலிப் பெயின்ட் டப்பாவின் மேல் அமர்ந்து சொன்னது). பின்னவர் இதை மறுத்து, முன்சக்கரத்திலேயே ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என இரண்டு எழும் என்பர் (கொட்டகை உரை, டீ வருவதற்கு முந்திய பகுதி; டீ வந்தபின் சொன்னதில் புஷ் என்பது ஷாக் அப்சார்பர் எனத் திரிந்துள்ளது). எஸ்டிமேட் சீட்டிலோ “லி... ராடு” என மட்டும் உள்ளது. நடு எழுத்துகள் கிரீஸ் கறையில் சிதைந்தன. கறைக்கு முந்திய பாடம் கொட்டகையின் கிழக்குச் சுவரில், போன வருடக் காலண்டருக்குக் கீழே, கரியால் எழுதிய கணக்கின் மூன்றாம் வரியில் கிடைக்கிறது. ஆனால் ஆயுத பூஜைக்கு வெள்ளையடித்தவர் அவ்வரியின் பின்பாதியை மூடிவிட்டார். வெள்ளையடித்தவர் வேம்படி மரபைச் சேர்ந்தவர் என்பதால் இது தற்செயல் அன்று என்பது கொட்டகையாரின் துணிபு. பாடபேதம் தீராத இடத்தில் இரண்டையும் கொள்வதே பதிப்பு நெறி. ஆகவே லிங்க் ராடு, புஷ் இரண்டும் மாற்றப்பட்டு, இரண்டுக்கும் பணம் வாங்கப்பட்டது.

டொக் நிற்கவில்லை.

இவ்வோசையின் தலையாய பண்பு, மெக்கானிக் முன்னிலையில் மறைதல். கரையான்சாவடி சிக்னல்வரை அவர் ஓட்டிப் பார்த்துத் திரும்பி வந்து, “நல்லாத்தானே சார் போவுது?” என்பார். உரிமையாளர் வாயாலேயே டொக் சொல்லிக் காட்டுவார். மனைவி, “அப்படி இல்லைங்க, தொக்குனு வரும்” என்பார். பின்சீட்டுப் பிள்ளை இருவரையும் மறுத்து டங் என்னும். வல்லின மெல்லினச் சண்டை நடக்கும்போதே மெக்கானிக் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். வண்டி காட்டுப்பாக்கம் தொட்டதும் டொக் கேட்கும். இதை அமானுஷ்யம் என்பது பிழை. மெக்கானிக் தனியாக ஓட்டுகிறார். குடும்பத்தோடு ஓடும்போது பின் ஸ்பிரிங் தாழ்ந்து, சஸ்பென்ஷன் வேறு நிலையில் வேலை செய்யும். குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கச் சொல்வதே முறை. சான்று எழும் சூழலிலேயே சான்றைத் தேட வேண்டும் என்ற இந்த எளிய விதியைச் சொன்னவுடன் இரு மரபினரும் ஒன்றுகூடி எதிர்த்தனர். மரபுகள் ஒன்றுபட்ட ஒரே இடம் இதுதான்.

5. முடிவுகள்

இவ்வோசை குறித்து ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம் பட்டறை வாசலில் கூடியது. மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு சித்தப்பா டயர் மேல் உட்கார்ந்திருந்ததால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆயிற்று. இரு மரபினரும் கட்டுரை வாசித்தனர். சித்தப்பா தலைமையுரையில், தங்கள் ஊரில் ரோடு நல்ல ரோடு என்றார். அச்சமயம் பட்டறைப் பையன், யாரும் கேட்காமலே டிக்கியைத் திறந்தான். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக் தன் பிடியிலிருந்து கழன்று கிடந்தது. அதனருகே திருவேற்காடு கோயிலுக்குப் போன அன்று உடைத்த தேங்காய் மூடி ஒன்று. பையன் ஜாக்கைத் திருகி இறுக்கினான், தேங்காயை எடுத்துவிட்டான். குடும்பம் முழுவதும் ஏறி, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கிப் பார்த்தது. சத்தம் இல்லை.

பையனின் முடிவை அரங்கம் ஏற்கவில்லை. அவன் முன்னோர் எவரையும் மேற்கோள் காட்டவில்லை என்பது முதல் காரணம். பொருளைத் திறந்து பார்த்தான், எனவே நடுநிலை இழந்தான் என்பது இரண்டாவது. கருத்தரங்க மலரில் லிங்க் ராடு பற்றியும் புஷ் பற்றியும் கட்டுரைகள் இடம்பெறும். ஜாக்கை அடுத்த மாநாட்டுக்கு ஒத்திவைத்துள்ளனர். தேங்காய் மூடியை மறுநாள் காலை சட்னி அரைத்துவிட்டதால், மூலச் சான்றை மறு ஆய்வு செய்ய விரும்புவோர் ஏமாற வேண்டியதுதான்.