பேரனைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்

கேள்வி: எழுபது வயதாகிறது. பரணில் கிடந்த யாஷிகா மேட் கேமராவைத் துடைத்து எடுத்துக்கொண்டு ரமணாசிரமம் பக்கம் சுற்றுகிறேன். ‘செல்போன் இருக்க இந்தப் பெட்டி எதற்கு?’ என்கிறான் பேரன். என்ன சொல்வது?
– ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: எதுவும் சொல்லாதீர்கள். கேமராவின் மேல்மூடியைத் திறந்து அவனையே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரமத்துக்கு வடக்கே மலை; காலை வெயில் வலப்பக்கச் சரிவில் ஏறும். மூடிக்குள் தெரியும் கண்ணாடியிலோ இடப்பக்கம்! வலது பக்கம் நடக்கும் மயில் அதில் இடது பக்கம் போகும். அதைத் துரத்துகிற அவசரத்தில் கேட்ட கேள்வியையே மறந்துவிடுவான்.

உங்கள் வயதுக்கென்றே செய்த கருவி அது. மூடிக்குள் மடங்கியிருக்கும் பூதக்கண்ணாடியை நிமிர்த்தினால் ஃபோகஸ் துல்லியமாகத் தெரியும். வயிற்றருகே பிடிப்பதால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சாதுவை எடுக்க முழங்காலை மடக்க வேண்டாம். (அவரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.) 120 ரோலில் 12 சதுரப் படங்கள்தான், ஆனால் ஒவ்வொரு நெகடிவும் 35 மி.மீ. பிலிமைப் போல மூன்றரை மடங்கு பெரிது. மலைப்பாறைகள் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

லைக்கா கேமராவுக்குப் பேர்போன புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் இங்கே வந்தார், சரி. ஆனால் ரமணரை ஆண்டுக்கணக்கில் படமெடுத்தவர் சென்னை மருத்துவர் டி.என். கிருஷ்ணசாமி. தொழில் வைத்தியம், படம் பிரியம். நீங்கள் அவர் கட்சி!

ஊட்டியில் தயாரான ‘இந்து’ பிலிம் இப்போது இல்லை. வெளிநாட்டு ரோல் விலை கையைக் கடிக்கும். வெயில் காலத்தில் அதை ஸ்கூட்டர் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.